வென்ட் ஆஃப்

ஹல் நகரம், ஜனவரி, விடியாத ஐந்தரை.
அலாரம் 'வென்ட் ஆஃப்': அலறியது.
விளக்கும் 'வென்ட் ஆஃப்': அது அணைந்தது.

ஜனீன் ஸ்கெல்டனுக்கு இதில் குழப்பமே இல்லை.
தாய்மொழியை யார் முகர்ந்து பார்க்கிறார்கள்?
பாலைத்தான் முகர்ந்தாள்.
அதுவும் அப்படியே.

மீன் ஆலையில், எதிர் மேசை போஜெனா
போலந்திலிருந்து வந்து பதினோரு மாதம்.
"உன் டெரக் எங்கே?"
"ஹி வென்ட் ஆஃப்."

கத்தி நின்றது.
வெடித்தானா, அணைந்தானா,
திரிந்தானா,
கிளம்பிவிட்டானா?
ஒவ்வொன்றாகக் கேட்டாள், பாடம் ஒப்பிப்பதுபோல.

ஜனீன் ஒரு காட் மீனின் முதுகைப் பிளந்து
முள்ளை முழுசாக உருவினாள்.
"எல்லாம்தான்.
முதலில் திரிந்தான்."

சைரன் வென்ட் ஆஃப்.
இருவரும் கையுறை கழற்றி
கறுப்பு டீ குடித்தார்கள்.