முப்பதுக்குக் கீழே

நைட்டியில் ஊக்கு குத்தித் தொங்கவிடும் குமிழுக்குப் பதிலாக
இடுப்பில் ஒரு பெல்ட், பெல்ட்டில் உறை,
நிறைந்தால் கூவும் ஒரு சின்னப் பெட்டி.
புதுசு. சோதனைக்கு வந்தது.
கையெழுத்துப் போட்டவர்கள் பன்னிரண்டு பேர்;
சின்னப்பாலத்து ராக்கு ஏழாவது.

குடல் தைத்து ஒன்பது நாள்.
காலை பஸ்ஸில் பாம்பன் இறங்கி
படிவத்தோடு மணலில் நடப்பேன்.
நிறம்: இறால் கழுவிய தண்ணி என்பாள்.
இளஞ்சிவப்பு என்று எழுதுவேன்.
அளவு: பெட்டி சொன்னது அறுபது.
ராக்கு குமிழை வெளிச்சத்தில் தூக்கி
எழுபது இருக்கும் என்றாள்,
கலங்கல் நீரில் பாசி தேடிப் பழகிய கண்.
குவளையில் ஊற்றினேன்.
அறுபத்தெட்டு.

இரண்டாம் இரவு பெட்டி கூவவே இல்லை.
உப்புக்காற்று கொக்கியைத் தின்றிருந்தது.
தங்கூசி நரம்பில் முடிச்சுப் போட்டு
அவளே கட்டியிருந்தாள்,
குழாய் இழுபடாமல், தையல் நோகாமல்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் வரைந்தேன், கோணலாக.
வரைந்ததைப் பார்த்துச் சிரித்தாள்,
சிரித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

முப்பதுக்குக் கீழே இறங்கிய அன்று
மூச்சை இழுத்து விடுங்க என்றேன்.
விட்டு முடிக்குமுன் குழாய் என் கையில்.
"அம்புட்டுத்தானா?
கடலுக்குள்ள ஒரு முங்கு இதவிட நேரமாகுமே."

பெல்ட்டைத் தர மனமில்லை.
"போன் வச்சா நனையாதுல்ல?"
கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும்க்கா.
"அப்ப என் நரம்பக் குடு."
எனக்கு அவிழ்க்க வரவில்லை.
வாங்கி, பார்க்காமலே,
ஒரு விரலால் அவிழ்த்தாள்.