மாதிரி பதினேழு

நாட்டாமை அபுசாலி நானாவின்
மூச்சுக்குழாயிலிருந்து சின்னப் பிரஷ்ஷால் வழித்தெடுத்த
கொஞ்சக் கலங்கள்
முப்பத்தேழு பாகையில் என்னிடம் இருக்கின்றன.
வெளியே கின்ஸி வீதியில் மழை.
கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை
இன்கியூபேட்டர் கதவில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன்,
திறந்துவிடாதே என்று எனக்கே சொல்வதுபோல.

இருபது வருஷம் நாலாம் குறுக்குத் தெருவில்
வெங்காய மூட்டையும் லொறிப் புகையும் சுமந்தவர்.
மூட்டையை இறக்கிவிடலாம்.
புகையை?
அதை இறக்கத்தான் கலத்துக்குள் நொதியங்கள்.
முதலாவது, விஷத்தைப் பிடித்து
ஓர் ஒட்சிசனைச் செருகும்.
சிலவேளை அப்போதுதான் அது இன்னும் பொல்லாததாகும்:
பாதி வழியில் கட்டவிழ்ந்த மூட்டை.
இரண்டாவது ஓடிவந்து
குளூட்டதயோனால் கட்டி வெளியே தள்ளவேண்டும்.
இரண்டுக்கும் இடையில் எவ்வளவு நேரம்,
என் ஆய்வேடு முழுக்க அதுதான்.

போன மாதம் வைட்டமின் ஏ-யை நிறுத்திப் பார்த்தேன்.
பிசிர் அசைத்துச் சளி தள்ளிக்கொண்டிருந்தவை
தட்டையாகிப்போயின, குதிக்கால் தோல்போல.
புதுத் தட்டில் திரும்ப ஊற்றி மூன்று கிழமை,
ஒரு துளியின் துளி,
ஓரத்தில் ஏதோ அசைந்தது.
நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தபடி
சாப்பாட்டை மறந்தேன்.

கோர்ட்டிசோல் வேறு மாதிரி ஆள்.
சிறுநீரகத்துக்கு மேலேயிருந்து புறப்படும் சுற்றறிக்கை.
கருவுக்குள் போய் ஒரு மரபணுவைத் தட்டி எழுப்பும்,
இன்னொன்றைச் சும்மா கிட என்னும்.
எதை எழுப்பும் என்பதில்
என் வரைபுகள் ஒன்றோடொன்று சண்டை.
வீட்டுக்காரர் வாடகை கூட்டிய மாதம்
எனக்குள்ளும் அது சுரந்திருக்கும்.
மருதானைச் சந்தியில் பஸ் நின்றபோது
என் மூச்சுக்குழாயில் எந்தக் கதவு மூடியது, எது திறந்தது,
யார் அளந்தார்கள்?

செவ்வாய்க்கிழமை கிளினிக் வராந்தாவில் மறித்தார்.
“மிஸ், என்ட சாமான் இன்னம் உசிரோட ஈக்கிதா?”
ஈக்கிது நானா, நல்லா ஈக்கிது.
“அப்ப அதுக்குச் சொல்லுங்க,”
இருமல் விடுமட்டும் சுவரைப் பிடித்தார்,
“நான் திங்கள் திரும்பவும் மூட்டைக்குப் போறன் எண்டு.”

கரண்ட் வந்துவிட்டது.
தட்டில் மாதிரி பதினேழு.
நான் கொடுத்தாலொழிய அதற்குப் புகை தெரியாது.
நாளைக்குக் கொடுக்கவேண்டும், அட்டவணையில் இருக்கிறது,
டீசல் சாறு, பத்து மைக்ரோகிராம்.
இன்றைக்கு வைட்டமினைக் கொஞ்சம் கூட விட்டால் என்ன என்று
பிப்பெட் பிடித்த கை யோசித்தது.

விடவில்லை.
கொப்பியில் நேரத்தை எழுதினேன்.