பன்னிரண்டு அவுன்ஸ்

வலது கிளவுஸ் எப்போதோ செத்துவிட்டது.
விரல்முட்டிப் பக்கம் பஞ்சு அப்பளமாகி
மூட்டையைக் குத்தினால்
தோள்வரை சேதி வரும்.
பொறுத்துக்கொண்டேன், என் கைதானே.
நாற்றத்துக்குத் தேயிலைப் பொட்டலம்.
கிழிசலுக்குக் கறுப்பு டேப்.
அடுத்த சம்பளம், அடுத்த சம்பளம் என்று
தாராவிக்கு மழையும் வந்துவிட்டது.

நேற்று ஸ்பாரிங்கில்
ஷெனாஸின் புருவத்தில் கீறல்.
ஓங்கிக்கூட அடிக்கவில்லை நான்;
டேப்பின் ஓரம் உரிந்திருந்தது.
"உள்ள கை வெச்சிருக்கியா, பிளேடு வெச்சிருக்கியா?"
சிரித்தபடி துடைத்துக்கொண்டு
மறுபடியும் கைதூக்கி நின்றாள்.

மணி அடிக்க இன்னும் நாற்பது விநாடி.
பல்லால் வெல்க்ரோவைப் பிரித்தேன்.

இன்று புது ஜோடி.
தொண்ணூறு அடி சாலையில்
பேரம் பேசாமல் வாங்கியது.
முதலில் அவளைப் போடச் சொல்லி
என் நெற்றியில் ஒன்று வைக்கச் சொன்னேன்.

வலித்தது.
கிழிக்கவில்லை.