எத்தனை குதிரை

பெட்ரோல் போடும் இடத்தில் கேட்பார்கள்,
எத்தனை குதிரை?
நூற்று நாற்பது என்பேன்.
அதன்பின் தொட்டி மூடியைத் திருகி முடிக்கும்வரை
பேச்சிருக்காது.

ஹோட்டல் சலவைக்கூடத்தில் மூன்று வருடப் பாக்கி
மார்ச்சில் மொத்தமாக வந்தது.
இரண்டாயிரத்து நானூறு யூரோ.
வாடை பிடித்து வந்தவன்போல் வந்தான்
அக்காள் புருஷன் ப்லாஷ்.
பீர் கோப்பையின் அட்டையைத் திருப்பிக் கணக்குப் போட்டான்.
ஒரு டர்போ, அறுபது குதிரை கூடும்,
தலைக்கு நாற்பது யூரோதான், ஸ்டான்கா,
கசாப்புக்கடையில்கூட இந்த விலைக்குக் கிடைக்காது.

எங்கே மேய்ப்பது என்றேன்.
திரென்டா பள்ளத்தாக்கு முழுக்க
நேரான சாலை ஒன்றே ஒன்று,
தேவாலயத்தை ஒட்டி, இருநூறு மீட்டர்.
அதிலும் செஸ்ட்நட் மரத்தடியில்
ஞாயிறுதோறும் ஒரு போலீஸ்காரர்.

டயருக்கே பாதி போனது.
மீதியில் பிரேக் கட்டைகள்,
எஃகு நூல் பின்னிய குழாய்கள்,
அச்சில் இற்றுப்போன ரப்பர்களுக்குப் பதில் புதியவை.
பழைய பிரேக் எண்ணெய் காபி நிறத்தில் சொட்டியது.
இதை நம்பியா மலை இறங்கினாய் என்று
ஒட்மார் ஜாடியைத் தூக்கி விளக்கில் காட்டினார்.
சக்கரக் கோணம் திருத்தும்போது
என்னை உள்ளே உட்காரச் சொன்னார்.
உன் எடையும் வண்டிக்குத் தெரியணும், எவ்வளவு?
அறுபத்தெட்டு.
அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.
எழுபத்து நாலு என்றேன்.

இப்போது காலைக் குளிரில் பிரேக் கிறீச்சிடுகிறது,
ரொட்டிக்கடை நாய் எழுந்து ஓடுகிறது.
மற்றபடி பார்க்க எந்த மாற்றமும் இல்லை.
யாரிடமும் காட்ட முடியாத செலவு,
உள்பாவாடைக்குச் சரிகை வைத்தமாதிரி.

ஆனால் வ்ர்ஷிச் கணவாயில்
வளைவுக்கு நாற்பது மீட்டர் முன்பு மிதித்த காலை
இருபத்தைந்தில் மிதிக்கிறேன்.
இடையில் அந்தப் பதினைந்து மீட்டர்
புதிதாக என்னுடையது.
மேலேறி அப்பக்கம் இறங்கினால் ஐம்பது வளைவு.
முக்கால் கிலோமீட்டர்!
எங்கள் குடும்பத்தில் யாரும்
இவ்வளவு நிலம் வாங்கியதில்லை.

ஜூன் கடைசி, காலை ஆறு மணி.
ப்லாஷ் முன்னால், முந்நூற்றுப் பத்துக் குதிரையோடு.
ஏற்றத்தில் காணாமல் போனான்.
இறக்கத்தில் வளைவுக்கு வளைவு
அவன் சிவப்பு விளக்குகள் எனக்குப் பெரிதாகின.
இருபத்தொன்பதில் கருகல் நாற்றம்.
ஸ்டியரிங்கில் கூழாங்கல் ஒவ்வொன்றும்
பெயர் சொல்லிக்கொண்டு வந்தது,
நான் விரல்நுனியில் கேட்டுக்கொண்டே இறங்கினேன்.
முப்பத்தெட்டில் அவன் வளையவில்லை.

நல்லவேளை, அங்கே பார்வையாளர்களுக்கான சரளைத் திட்டு.
அதன் கற்சுவருக்கு ஒரு முழம் முன்னால்
நான்கு சக்கரமும் புகைய நின்றிருந்தான்.
கால் தரைவரைக்கும் போச்சு, ஒன்றுமே இல்லை அங்கே
என்றான். திரும்பத் திரும்ப அதையே.
தண்ணீர்ப் பாட்டிலோடு சக்கரத்திடம் குனிந்தவன் கையைப் பிடித்தேன்.
தட்டு கோணிவிடும். நீ குடி.

குடித்தான். தயிர்க்கட்டி தடவிய ரொட்டியில்
பாதி கொடுத்தேன். கீழே சோச்சா ஆறு
பச்சையாக, அவசரமாக.
ஒரு மணி நேரம் நாங்கள் டர்போ பற்றிப் பேசவில்லை.
அக்காளிடம் சொல்லாதே என்றான், அவ்வளவுதான்.

மிச்சப் பன்னிரண்டு வளைவுக்கும்
இரண்டாம் கியரில், வாத்துக்குஞ்சுபோல் என் பின்னால் வந்தான்.
திருந்திவிட்டான் என்றே நினைத்தேன்.
தேவாலயச் சாலை நேரானதும்
உறுமிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனான்.

மரத்தடியிலிருந்து ஒரு கை நீண்டது.
ப்லாஷ் அந்தக் கையையும் தாண்டி
வெகுதூரம் போய் நின்றான்.
நான் பூட்ஸுக்கு நேராக நின்றேன்.

அவனுக்குச் சீட்டு எழுதிவிட்டு
நிதானமாக என் ஜன்னலுக்குத் திரும்பி வந்தார்.
எத்தனை குதிரை?
நூற்று நாற்பது.
பரிதாபமாகப் பார்த்துவிட்டு
போகச் சொன்னார்.