வெள்ளிக்கிழமை, வீரவநல்லூர்

முதல் கூட்டம் பாளையங்கோட்டையில்.
பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பறை.
பெஞ்சுக்கு அடியில் முழங்கால் நுழையவில்லை.
கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட
ஏழாம் வாய்ப்பாடு.
பேசியவர்களுக்கெல்லாம்
பத்து வருஷம், பதினெட்டு வருஷம்.
இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட அழுகை.
நான் அன்று பல் தேய்க்கும் முன்பே குடித்திருந்தேன்.
முடிவில் எல்லாரும் கைகோத்து நின்றபோது
என் நடுக்கம் இருபக்கமும் போய்ச் சேர்ந்தது.
செருப்பைத் தேடுகிற மாதிரிக் குனிந்து
அப்படியே வெளியே வந்துவிட்டேன்.

இரண்டாவது, டவுனில்.
மாடியேறினால் வாசலோர நாற்காலியில்
எங்கள் செக்‌ஷன் ஃபோர்மன் பால்வண்ணம்.
பதினோரு வருஷமாக ஒரே ஆபீஸ்,
ஒரே வாடை, தனித்தனிப் பாக்குப் பொட்டலம்.
"இங்க ஒரு மீட்டர் பாக்கணும்னாவ" என்றேன்.
"நானும் அதுக்குத்தான்" என்று எழுந்தார்.
ஒருவரை ஒருவர் படியிறக்கிக் கூட்டிப்போனோம்.
எங்கே என்று கேட்காதீர்கள்.

மூன்றாவது பேட்டையில்.
செவ்வாய் என்று எழுதித் தந்த சீட்டோடு
செவ்வாய்க்கிழமைதான் போனேன். பூட்டு.
"அது வியாழனுக்கு மாறி ஆறு மாசம் ஆச்சே அண்ணாச்சி"
என்றான் பஞ்சர் ஒட்டுகிற பையன்,
டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்தபடி.
பூட்டிய கதவு தரும் சந்தோஷம்
குடிக்கிறவனுக்குத்தான் தெரியும்:
நான் வந்தேன், அவர்கள்தான் இல்லை.
அடுத்த சந்தில் இருந்த கடைக்கு
யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் ஆவுடையம்மாள் சண்டை போடவில்லை.
தினசரிக் காலண்டரில் தாள் கிழிப்பதை நிறுத்தியிருந்தாள்.
ஆவணி பதினேழிலேயே நின்றது சுவர்.
புரட்டாசி பாதியில் ஒருநாள்
மொத்தமாகக் கிழித்தேன்.
அதில் ஒரு தாளின் முதுகில்தான்
நாலாவது முகவரியை எழுதினேன்.
போனில் ஒரு குரல், பின்னால் கிரைண்டர் சத்தம்:
"பாவநாசம் பஸ்ஸுல ஏறும்.
வீரவநல்லூர்ல இறங்கி, செக்குப் பக்கத்துல
வெள்ளிக்கிழமைக் கூட்டம்னு கேளும்.
கேக்க வெக்கமா இருந்துச்சுன்னா
வெளக்கு எரியிற குடோனுக்கு வாரும்.
மத்ததெல்லாம் இருட்டாத்தான் இருக்கும்."

ஏழு நாற்காலி. எட்டாவதுக்கு
ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்திருந்தார்கள்.
தோளில் துண்டோடு ஒருவர் எழுந்தார்.
"எம்பேரு அணைஞ்சபெருமாள்.
நாலு வருஷம் மூணு மாசம் இருந்தேன்.
தங்கச்சி மவன் கல்யாணத்துல விட்டுட்டேன்.
இன்னைக்கு ரெண்டாம் நாள்."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
ஒருவர் காலை மாற்றிப் போட்டார், அது கொசுவுக்காக.
நோட்டு வைத்திருந்தவர்
'இரண்டு' என்று எழுதினார்
நான் கார்டில் எழுதுவது போலவே,
முகத்தில் ஒன்றும் இல்லாமல்.

இருபது வருஷமாக நான் பார்த்த மீட்டர் எதுவும்
பின்னால் ஓடியதில்லை.
ஓடினால் திருட்டு என்று எழுதி
ஃபைன் போடச் சொல்லவேண்டும்.
இங்கே
நாலு வருஷம் பின்னால் ஓடி வந்தவனுக்கு
சுக்குக் காப்பி கொடுக்கிறார்கள்.
ஆறுகிறது குடியும் என்கிறார்கள்.
'குடியும்' என்ற சொல்லுக்கு
அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை.
நான்தான் சிரித்தேன். பிறகு அவர்கள்.

என் முறை வந்தது.
கோமதிநாயகம் என்றேன்.
அதற்குமேல் நாக்கு எழவில்லை.
"இன்னைக்குப் பேரு போதும்வே,
காப்பியக் குடியும்."

கடைசி பஸ் சேரன்மகாதேவி தாண்டும்போது
ஜன்னலில் அந்தப் பச்சை போர்டு வந்தது.
பார்த்தேன்.
பார்க்கவில்லை என்றால் அது பொய் ரீடிங்.
தலை திரும்பியது, கழுத்து வலிக்கும்வரை.
பஸ் நிற்கவில்லை. நானும் எழவில்லை.

அடுத்த வெள்ளி போவீரா என்று கேட்டால்
எனக்குத் தெரியாது.
போய்ப் பார்க்காத வீட்டுக்கு
நான் ரீடிங் எழுதுவதில்லை.
சனிக்கிழமை காலை நிலவரம்:
ஒன்று.