கோட்டின் மேல் மணல்

நஜ்மாவில் எங்கள் கட்டிடத்து வாசலிலிருந்து
மெட்ரோ கதவு வரை அறுநூற்றுப் பன்னிரண்டு எட்டு.
ஜூலையில் அறுநூற்று நாற்பது.
வெயிலுக்குக் காலும் கஞ்சத்தனம் பழகிவிடும்.

முதல் நாற்பதுக்குள் மூன்று ஏசிகள் சொட்டும்.
மூன்றாவது சொட்டு தோளில் விழுந்தால் சரியாகப் போகிறேன்.
உச்சந்தலையில் விழுந்தால் சுவரை ஒட்டிவிட்டேன்.
அப்புறம் கரக் டீக்கடையின் ஏலக்காய்.
அப்புறம் சலவைக்கடை நீராவி,
அதற்குள்ளிருந்து தினமும் ஒரே பாட்டை
ஒரே இடத்தில் தப்பாகப் பாடும் ஒருவர்.
அவர் திருந்திவிட்டால் எனக்கு வழி தப்பிவிடும்.

அங்கே கோடு தொடங்கும்.
மஞ்சள் நிறமாம்.
மஞ்சள் பூசிக் குளித்திருக்கிறேன், அந்த வாசனை தெரியும்,
இதில் அது இல்லை.
எனக்கு இது காலடியில் நான்கு நீள மேடு: போ.
குமிழ் குமிழாக வந்தால்: நில்.
பிறவியிலேயேவா, வீட்டுக்காரர் எங்கே,
கூட யாரும் வரலையா என்று
ஒரு வார்த்தை கேட்காமல்
இந்த ஊரில் எனக்கு வழி சொன்னது
இது ஒன்றுதான்.

சிக்னலருகே நின்றால் கை வரும்.
அத்தர் மணக்கும் கை, சிமெண்ட் காய்ந்த கை.
சொல்லாமல் கொள்ளாமல் புஜத்தைப் பிடிக்கும்.
போன ரமலானில் ஒரு நல்ல மனிதர்
என்னை அக்கரை சேர்த்துவிட்டு
இரண்டு முறை அல்ஹம்துலில்லாஹ் சொல்லிப் போனார்.
நான் ஆஸ்பத்திரி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன்.
அக்கரையில் நின்று
என் பஸ் புறப்படுவதைக் கேட்டேன்.

முதலில் கேளுங்கள் ஐயா.
கேட்டுவிட்டு முழங்கையை நீட்டுங்கள்.
பிடிப்பதா வேண்டாமா என்பது
என் கையின் விஷயம்.

இந்த எலக்ட்ரிக் டாக்சிகளுக்குக் குரலில்லை.
அவற்றின் காற்று மட்டும் புடவைத் தலைப்பில் பட்டுப் போகும்.
நடைபாதையில் ஏறி நிற்கும் லேண்ட் குரூசருக்கோ
என் தடி பட்டால்தான் குரல்.
பானெட்டில் கை வைத்தால் சுடும்.
இப்போதுதான் நிறுத்தியிருப்பார்.
ரெண்டே நிமிஷம் என்பார்,
அரபியிலும் உருதுவிலும் நம் தமிழிலும்
அந்த ரெண்டு நிமிஷம் ஒரே நீளம்.

ஷமால் காற்று அடித்து ஓய்ந்த செவ்வாய்க்கிழமை
இறங்கி நடந்தால் தரையே இல்லை.
மாவு போல் ஏதோ கணுக்காலைத் தொட்டது.
தடி சறுக்கியது. மேடு இல்லை, குமிழ் இல்லை,
ஏலக்காயைப் புழுதி தின்றிருந்தது.
சலவைக்கடை ஷட்டர் இறங்கியிருந்தது.
போனைக் கேட்டேன்:
வடகிழக்கு நோக்கிச் செல்லவும் என்றது.
வடகிழக்கு எங்கே என்று
அது தன்னோடு வைத்துக்கொண்டது.

அப்போது சரக், சரக்.

லைன் கிதர் ஹை பாய், என்றேன்.
சத்தம் நின்றது.
கை வரும் என்று புஜத்தை இறுக்கிக்கொண்டேன்.
வரவில்லை.
துடைப்பக் கட்டை தரையில் தட்டியது, டொக்,
ஓர் எட்டு தள்ளி மறுபடி டொக்.
முன்னால் அவர் கூட்டக் கூட்ட
பின்னால் கோடு முளைத்துக்கொண்டே வந்தது
என் பாதத்துக்கு.

பெயர் தொஃபஸ்ஸல். ஊர் நோவாகாலி.
ஐந்து வருஷமாக இதே தெரு.
இது உங்களுக்குப் போட்டதா தீதி,
நான் அழகுக்கு என்றல்லவா நினைத்தேன்,
குப்பைத் தொட்டியை ஆடாமல் நிறுத்த
இந்த மேடு தோதாக இருந்தது, என்றார்.

ஞாயிறுதோறும் என் முட்டியில் இடிக்கும் தொட்டி.
ஐந்து வருஷமாக நான் திட்டிய ஆள்.
இடது முட்டியில் இன்னும் தழும்பிருக்கிறது,
சொல்லவில்லை.
அவரும் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.
சக்கரம் கிறீச்சிட்டது, கொஞ்ச தூரம்.

குமிழ் வந்தது. நின்றேன்.
கதவு திறந்து குளிர்ந்தது.
வேலைக்குப் பதினெட்டு நிமிஷம் தாமதம்.
ரிஜிஸ்டரில் காரணம் கேட்டார்கள், மணல் என்றேன்.

அடுத்த ஞாயிறு
தடியை நீட்டிக்கொண்டே போனேன்.
தொட்டி இல்லை.

அந்த இடத்தில்
லேண்ட் குரூசர்.