தடிமன்

இரவில் காற்று வாடைக்குத் திரும்பியது.
விடிந்தபோது எனக்குத் தடிமன் பிடித்திருந்தது.
படிவத்தின் முதல் கட்டத்திலும் அதையேதான் கேட்டிருந்தார்கள்:
தடிமன், மில்லிமீட்டரில்.
தும்மிவிட்டு எழுதத் தொடங்கினேன்.

உச்சிப்புளி ஓடுதளத்தின் ஓரக் கொட்டகையில்
விமானத்தின் அடிவயிற்றுக்குக் கீழே மல்லாந்து கிடக்கிறேன்.
ஒரு சொட்டுக் களிம்பு,
அதன்மேல் சுண்டுவிரல் நுனியளவு உணரி.
ஒலி தகட்டுக்குள் போகிறது,
மறுபுறத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது.
மண்டபத்தில் ஈயக்குண்டை இறக்கி
எத்தனை பாகம் என்று கடலைக் கேட்பார்களே,
அதே கேள்விதான்.
இங்கே கடலின் ஆழம் ஒன்றேகால் மில்லிமீட்டர்.

ஆமாம், அவ்வளவுதான்.
ஆறு பேருக்கும் வானத்துக்கும் நடுவே இருப்பது
பத்து ரூபாய் நாணயத்தைவிட மெலிசு.

இறக்கை வேறு கதை.
உடலோடு சேருமிடத்தில் என் முழங்கைவரை உள்ளே போகும்,
நுனியில் உள்ளங்கை நுழையாது.
வேகக்காரர்களின் இறக்கை கத்தி மாதிரி.
இவள் மெதுவாகப் போய்த் தேடுகிறவள்,
அலைக்கு அலை பார்த்துக்கொண்டு போகிறவள்.
மெதுவாகப் போயும் விழாமலிருக்க
வயிறு புடைத்த இறக்கை வேண்டும்.
அந்தப் புடைப்புக்குள்தான் எரிபொருள்,
அதற்குள்தான் முதுகெலும்பும்.

பாம்பனில் ஃபைபர் வல்லம் கட்டும் என் கொழுந்தன் சவேரி
ஒருமுறை கேட்டான்:
"தோலு மெலிசுங்கிறீங்க, இன்னும் ரெண்டு தகடு ஒட்டினா என்ன மதினி?"
ஒட்டலாம் சவேரி.
அப்புறம் நீயே அதைக் கடலில் இறக்கிக்கொள்.

உப்பு இங்கே காற்றிலேயே இருக்கிறது.
வாலிநோக்கத்துப் பாத்தியில் விளைவதை வாரிக் குவிப்பார்கள்.
இது தகட்டின் உட்புறம்,
ரிவெட்டின் கழுத்தைச் சுற்றி,
வாருவதற்கு ஆளில்லாமல் விளைகிறது.

நாற்பத்தொன்றாம் புள்ளியில் 1.12.
வரம்பு 1.14.
துடைத்தேன். புதுக் களிம்பு வைத்தேன்.
1.12.
உணரியைக் குறுக்காகத் திருப்பினேன்.
1.12.
மூக்கு எனக்குத்தான் அடைத்திருந்தது.

அதே நேரத்தில்தான் செய்தி வந்தது.
கீழக்கரையிலிருந்து போன வல்லம்
முந்தாநாள் இரவிலிருந்து காணோம்.
நைனா முகமது, அவர் மருமகன், இன்னும் இரண்டு பேர்.
விமானி குல்கர்ணி குனிந்து
சக்கரத்தின் பக்கத்திலிருந்து என் முகத்தைப் பார்த்தான்.
"புள்ளி பூஜ்யம் இரண்டுதானே, மேடம்?
தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லையே?"
அவன் கணக்கு சரி.
கோபத்தில் கேட்கவில்லை அவன்.
கரையில் எத்தனை பெண்கள் நிற்கிறார்கள் என்று
அவனுக்கும் சொல்லியிருந்தார்கள்.

இரண்டை நான்காக்கலாம்.
அந்த வித்தியாசத்தைவிட
என் பேனா போடும் கோடு தடிமன்.

1.12 என்று எழுதினேன்.
சிவப்புச் சீட்டைக் கட்டினேன்.
முடிச்சு இரண்டு தடவை நழுவியது.

அடுத்த விமானத்தை வெளியே இழுத்து
எண்ணெய் நிரப்பிக் கிளப்ப ஐம்பது நிமிடம்.
வாடை தெற்கே தள்ளும்போது
ஐம்பது நிமிடத்தில் ஒரு வல்லம் எவ்வளவு தூரம் போகும் என்று
நான் கணக்குப் போடவில்லை.
பொய்.
இரண்டரை கிலோமீட்டர்.

பிற்பகல் மூன்று மணிக்குக் கண்டுபிடித்தார்கள்.
நான்கு பேர்.
மூன்று பேர் கையசைத்தார்கள்,
ஒருவன் அசைக்கவில்லை என்றது வானொலி.
பிறகு, அவன் தூங்கிக்கொண்டிருந்தான் என்றது.
இந்த இரண்டு செய்திக்கும் நடுவே பதினோரு நிமிடம்.
அதை அளக்க என்னிடம் கருவி இல்லை.

சாயங்காலம் மருந்துக் கடையில்,
"தடிமன் எப்படிக்கா இருக்கு?" என்றார்.
ஒன்று புள்ளி ஒன்று இரண்டு என்றது வாய்.
அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு
காய்ச்சல் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்.